கருகினால்தான் ருசி

நியூ ஹேவனுக்குப் போனால் ஒரு காரியம் மட்டும் செய்யாதீர்கள். கடையில் உட்கார்ந்து, ‘ஒரு பீட்சா கொடுங்க’ என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அடிக்கமாட்டார்கள். கொண்டுவந்தும் வைப்பார்கள். ஆனால் ‘வெளியூரா?’ என்று ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள், அதுதான் கஷ்டம். அந்த ஊரில் அதற்குப் பெயர் ‘அபீட்ஸ்’.

எழுதும்போது பீட்சாவுக்கு முன்னால் ஓர் ‘அ’ சேர்த்து எழுதுவார்கள். சொல்லும்போது கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். இது ஏதோ வியாபாரத்துக்காகக் கண்டுபிடித்த ஸ்டைல் இல்லை. நேப்பிள்ஸ் பக்கத்துப் பேச்சுமொழி அப்படி. ‘லா பீட்சா’ என்பதை அங்கே ‘ஆ பீட்ஸ்’ என்பார்கள். கப்பலேறி வந்தவர்கள் துணிமூட்டையோடு அந்த உச்சரிப்பையும் கொண்டுவந்தார்கள். மொசரெல்லா சீஸ்கூட அங்கே ‘மூட்ஸ்’தான். இத்தாலியில் பள்ளிக்கூடம் வந்து, ரேடியோ வந்து, டி.வி. வந்து எல்லோரும் ஒரே மாதிரி பேசப் பழகிவிட்டார்கள். கடல்தாண்டிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் கொள்ளுத்தாத்தாவின் கொச்சையை இன்னும் போர்டில் எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

சரி, இந்த நியூ ஹேவன் எங்கே இருக்கிறது? அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில். நியூ யார்க்கிலிருந்து ரயிலேறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். யேல் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர்.

யேல் என்றதும் சென்னைக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். எலிஹு யேல் நம்ம ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி குமாஸ்தாவாக வந்து, 1687-லிருந்து 1692 வரை அங்கேயே கவர்னராக இருந்தவர். கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் நடந்த முதல் கல்யாணம் அவருடையதுதான், 1680-ல். மதராஸில் பணம் சேர்த்தார். கணக்கு வழக்கில் கம்பெனியோடு தகராறு வந்து பதவி போயிற்று. அவர் காலத்தில் கோட்டையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றிய விவரமும் ஆவணங்களில் இருக்கிறது. 1718-ல் கனெக்டிகட்டில் ஒரு சின்னக் கல்லூரி நன்கொடை கேட்டபோது ஒன்பது பொதி சரக்கும், 417 புத்தகமும், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு சொச்சம் கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். மனிதர் கடைசிவரை நியூ ஹேவனில் காலடி வைத்ததே இல்லை.

நான் பி.காம். படித்தவன். இதைவிட லாபமான விளம்பரச் செலவை எந்தப் பேரேட்டிலும் பார்த்ததில்லை.

இந்த 562 பவுண்டை மனத்தின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இனி சாப்பாட்டுக்கு வருவோம்.

கல்லூரி ஊர்களில் இருக்கிற இத்தாலிய ஓட்டல்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. கட்டம்போட்ட மேஜைவிரிப்பு. குப்பியில் மெழுகுவத்தி. கூடையில் பூண்டு தடவிய ரொட்டி. தட்டு நிறைய க்ரீமில் மூழ்கிய பாஸ்தா. ‘ஆல்ஃப்ரெடோ’ என்று மெனுவில் போட்டிருக்கும். ரோமில் அந்தப் பண்டத்துக்கு வெண்ணெயும் பார்மெசான் சீஸும்தான். க்ரீம் அமெரிக்கா சேர்த்தது. இந்தக் கடைகளின் வாடிக்கையாளர் உண்மையில் மாணவர் இல்லை, மாணவரைப் பார்க்க வருகிற அப்பா அம்மா. பட்டமளிப்பு வாரத்தில் இடம் கிடைக்காது, பில்லும் அதற்கேற்ற மாதிரி வரும். நியூ ஹேவனிலும் வளாகத்தை ஒட்டிய தெருக்களில் இப்படிப்பட்டவை உண்டு. சாப்பிட்டால் வயிறு நிறையும். மறுநாள் என்ன சாப்பிட்டோம் என்று யோசித்தால் ஞாபகம் வராது. அந்த வகையைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

வளாகத்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய ஒரு மைல் நடங்கள். ரயில் பாதையைத் தாண்டினால் வூஸ்டர் சதுக்கம். அதை ஒட்டி வூஸ்டர் தெரு. நம்ம சமாசாரம் அங்கேதான் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நியூ ஹேவன் ஒரு தொழிற்சாலை ஊர். பூட்டு, கீல், கதவுப்பிடி செய்கிற சார்ஜென்ட் கம்பெனி 1864-ல் அங்கே வந்தது. ஆள் தேவைப்பட்டது. தெற்கு இத்தாலியில் வேலையில்லாமல் பட்டினி கிடந்த கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அமால்ஃபி கடற்கரை, அதைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்கள் என்று ஒருவர் பின்னால் ஒருவராக, ஊர் ஊராகவே பெயர்ந்து வந்தார்கள்.

1909-ல் வந்தவர் ஃபிராங்க் பெப்பே. சொந்த ஊர் மயோரி. அப்போது அவருக்கு இன்னும் இருபது ஆகவில்லை. தொழிற்சாலை வேலை, நடுவில் முதல் உலகப்போருக்காக இத்தாலிக்குத் திரும்பி ராணுவ சேவை, மறுபடி நியூ ஹேவன், பேக்கரி வேலை. ரொட்டி சுட்ட கையால் தக்காளி தடவிய தட்டை ரொட்டியும் சுட்டார். அதைத் தலையில் சுமந்து சந்தையில் நடந்தே விற்றார். சும்மாடு வைத்து மோர்ப்பானை சுமந்த ஆட்களைப் பார்த்திருக்கிறோம் இல்லையா? கிட்டத்தட்ட அதே காட்சி. 1925-ல் மனைவி ஃபிலோமினாவோடு சொந்தமாகக் கடை போட்டார். அந்தக் கடை இன்றும் அதே தெருவில் இருக்கிறது. 1938-ல் அவருடைய மருமகன், அதாவது சகோதரி வழிப் பையன் சால்வதோர் கான்சிக்லியோ, அதே தெருவில் கொஞ்சம் தள்ளி ‘சாலிஸ்’ ஆரம்பித்தார். இதற்கு நடுவே 1934-ல் ஸ்டேட் தெருவில் ‘மாடர்ன்’ வந்திருந்தது. இந்த மூன்றுதான் ஊரின் மும்மூர்த்திகள். எது ஒசத்தி என்று கேட்டால் ஒரே வீட்டில் அண்ணன் தம்பி பேசிக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் பண்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாம் இங்கே அட்டைப்பெட்டியில் வாங்குகிற பீட்சாவை மறந்துவிடுங்கள். மெத்தை மாதிரி மாவு, அதன்மேல் ஜவ்வாக இழுக்கிற சீஸ், அதன்மேல் இனிப்புச் சோளம். இது வேறு ஜாதி.

மாவைக் குளிரில் நிதானமாகப் புளிக்க வைக்கிறார்கள். நம்ம தோசை மாவுக்குத் தெரிந்த ரகசியம்தான்: அவசரப்பட்டால் சுவை வராது. பிறகு மெல்லிசாக விரிக்கிறார்கள். வட்டம் வரவேண்டும் என்று யாரும் கவலைப்படுவதில்லை. ஒரு பக்கம் இழுத்தபடி, நீள்வட்டமாக, ஏதோ ஒரு தேசத்தின் வரைபடம் மாதிரி வருகிறது. செங்கல் அடுப்பில் நிலக்கரி. சூடு 600 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். பெப்பேயின் அடுப்பு 14 அடிக்கு 14 அடி என்கிறார்கள். ஓர் ஆள் குடித்தனம் நடத்தலாம். நீளக் கைப்பிடி வைத்த மரத்துடுப்பால் உள்ளே தள்ளி, திருப்பி, எடுக்கிறார்கள். தட்டில் காகிதம் விரித்து அப்படியே கொண்டுவந்து வைக்கிறார்கள்.

பார்த்தால் ஓரமெல்லாம் கறுப்பு. முதல்முறை வருகிறவர், ‘கருகிப்போச்சே, வேற கொண்டாங்க’ என்பார். கருகவில்லை சார், பதம் அதுதான். நிலக்கரிக்கு ஈரமில்லாத சூடு. மாவின் மேல்தோலைச் சுரீரென்று பிடித்துவிடும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெல்லுகிற மாதிரி ஓர் இழுவை, கறுத்த இடத்தில் லேசான கசப்பு. தக்காளியின் புளிப்புக்கும் சீஸின் உப்புக்கும் நடுவில் அந்தக் கசப்பு நிற்கிறது. சுட்ட கத்தரிக்காயைத் துவையல் அரைக்கும்போது கொஞ்சம் தோல் ஒட்டியிருந்தால் ஒரு ருசி வருமே, அந்த ருசிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். சாதாரண ‘டொமேட்டோ பை’ என்று கேட்டால் மொசரெல்லா வராது. தக்காளி, ஆலிவ் எண்ணெய், மேலே தூவிய பெக்கரீனோ சீஸ், அவ்வளவுதான். மூட்ஸ் வேண்டுமென்றால் தனியாகக் கேட்கவேண்டும். இதுதான் ஏழைகளின் கணக்கு. மொசரெல்லா விலை அதிகம். அதனால் அது ‘மேலே போடுகிற’ சமாசாரம். அந்தக் கணக்கு இன்றைக்கும் மெனுவில் உட்கார்ந்திருக்கிறது. சுத்த சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பெக்கரீனோ ரோமானோவில் பால் உறையச் சேர்ப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றுச் சாறு. தெரிந்துகொண்டு கேளுங்கள்.

இப்போது தீர்ப்பு.

பெப்பேயில் எல்லோரும் ‘ஒயிட் கிளாம்’ கேட்கிறார்கள். ஊரே கடற்கரை ஊர். சின்னச் சிப்பிகளை முதலில் பச்சையாக, ஓட்டோடு, பசிக்கு முன்தீனியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1960-களில் அதையே மாவின்மேல் போட்டுப் பார்த்தார்கள். சிப்பி, பூண்டு, ஆரெகானோ, ஆலிவ் எண்ணெய், தூவிய சீஸ். தக்காளி கிடையாது. மூட்ஸ் கிடையாது. புகழ் அளவுக்குத் தகுதி இருக்கிறதா? இருக்கிறது. சிப்பியின் நீர் மாவில் இறங்கி, சூட்டில் சுண்டி, கடல் உப்பாக நாக்கில் நிற்கிறது. பன்றியிறைச்சி சேர்த்துச் சாப்பிடச் சொல்வார்கள். வேண்டாம் என்பேன். புகைவாசனை வந்தால் கடல்வாசனை ஓடிப்போகும். குறை என்றால் ஒன்றுதான்: ஆறினால் போச்சு. போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு இது சரிப்படாது.

தக்காளிக்கு சாலிஸ். இன்னும் மெல்லிசு, இன்னும் கறுப்பு, சாஸில் புளிப்பு தூக்கல். மூட்ஸ் சேர்க்காமல் வெறும் தக்காளியோடு சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு சமையலில் எதைச் சேர்க்கவில்லை என்பதும் திறமை என்று புரியும். இரண்டு கடைக்கும் போய் ஒரே ஒரு ‘பை’தான் சாப்பிட முடியும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். சிப்பி பிரமாதம், ஆனால் சிப்பி தயவில் ஜெயிக்கிறது. தக்காளியும் மாவும் மட்டும் வைத்து ஜெயிப்பது கஷ்டம்.

மாடர்னில் அடுப்பு நிலக்கரி இல்லை, எண்ணெய். சீஸும் தாராளம். அங்கே ‘இத்தாலியன் பாம்’ என்று ஒன்று உண்டு. பன்றியிறைச்சி, சாசேஜ், பெப்பரோனி, காளான், வெங்காயம், குடைமிளகாய், பூண்டு என்று ஒரு கல்யாண ஊர்வலமே மேலே போகும். மெல்லிய மாவு பாவம், எத்தனை பேரைச் சுமக்கும்? நடுவில் நொய்ந்துவிடுகிறது. பசியோடு வருகிற மாணவனுக்கு அது சொர்க்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ருசி பார்க்க வந்தவர் எளிமையானதாகக் கேட்பது நல்லது.

வளாகத்துக்குப் பக்கத்திலேயே, கிரௌன் தெருவில், ‘பார்’ என்ற பெயரிலேயே ஒரு பார். 1990-களில் வந்தது. அங்கே உருளைக்கிழங்கு மசியல் போட்ட பீட்சா பிரபலம். சிரிக்காதீர்கள். தோசைக்குள் உருளைக்கிழங்கை வைத்துச் சுருட்டிச் சாப்பிடுகிற நாம் சிரிக்கக் கூடாது. நன்றாகவே இருக்கிறது. பாரம்பரியம் என்று பார்த்தால் இது நேற்றுப் பிறந்த பிள்ளை. ஆனால் மாவும் சூடும் வூஸ்டர் தெருவிடம் கற்ற பாடம்.

இங்கே ஒரு குரல் கேட்கும். ‘இதெல்லாம் இத்தாலியச் சாப்பாடே இல்லை’ என்று. நேப்பிள்ஸுக்கு ஒரு தடவை போய்வந்தவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு ஆதாரமும் இருக்கிறது. நேப்பிள்ஸில் 1984-ல் ஒரு சங்கம் அமைத்து, அசல் பீட்சாவுக்கு விதி எழுதினார்கள். விறகு அடுப்புதான், வட்டமாகத்தான், ஒன்று, ஒன்றரை நிமிஷத்தில் வெந்துவிட வேண்டும். அந்த பீட்சாக்காரர்களின் கைத்தொழிலுக்கு 2017-ல் யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்தது. இந்த விதிப்படி பார்த்தால் நியூ ஹேவன் முதல் பரீட்சையிலேயே ஃபெயில். நிலக்கரி, கோணல் வடிவம், பல நிமிஷ வேக்காடு, மேலே சிப்பி.

ஆனால் தேதியைக் கொஞ்சம் பாருங்கள். பெப்பே கடை திறந்தது 1925. விதி எழுதியது 1984. பிறகு எழுதிய சட்டத்தை முன்னால் பிறந்தவன் எப்படி மீற முடியும்? நிலக்கரி அந்தத் தொழிற்சாலை ஊரில் கையெட்டுகிற எரிபொருள். சிப்பி பக்கத்துக் கடலில் கிடைத்தது. மூட்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை. கையில் இருந்ததை வைத்து, நாக்கில் இருந்த ஊரைச் சமைத்தார்கள். இதை நகல் என்று சொல்வது அநியாயம். ஒரே பாட்டியின் இரண்டு பேரன்கள், ஒருவன் ஊரோடு இருந்தான், ஒருவன் கப்பலேறினான். ஊரில் இருப்பவன் மட்டும்தான் வாரிசா?

என்னைக் கேட்டால், கல்லூரிப் பக்கத்து மெழுகுவத்தி ஓட்டலுக்கும் வூஸ்டர் தெருவுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். முன்னது இத்தாலி மாதிரி இருக்க முயற்சி செய்கிறது. பின்னது யார் மாதிரியும் இருக்க முயற்சி செய்யவில்லை.

இப்போது அந்த 562 பவுண்டுக்கு வருவோம். 2024 ஜூன் கணக்குப்படி யேல் பல்கலைக்கழகத்தின் நிதி 4,140 கோடி டாலர். ரூபாய் இல்லை, டாலர். ஊரின் நடுவில் அதன் கட்டடங்கள். கல்விக்குப் பயன்படும் சொத்துக்குச் சட்டப்படி வரி கிடையாது. அதனால் தானாக முன்வந்து நகரத்துக்கு ஒரு தொகை கொடுக்கிறது. பல வருஷ இழுபறிக்குப் பிறகு 2021-ல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: ஆறு வருஷத்தில் ஏறக்குறைய 13.5 கோடி டாலர். மாவு பிசைகிறவர் வரி கட்டுகிறார், மகாபல்கலைக்கழகம் அன்பளிப்பு கொடுக்கிறது. கணக்குப் புத்தகத்தில் இரண்டும் வரவுதான். மரியாதையில் இரண்டும் ஒன்றில்லை.

வூஸ்டர் பேட்டையே ஒரு காலத்தில் காணாமல் போயிருக்க வேண்டியது. 1950-களில் நகரத்தைச் சீரமைக்கிறோம் என்று கிளம்பியவர்கள், நெடுஞ்சாலையை அந்தப் பக்கமாகக் கொண்டுவந்தார்கள். குடியிருந்தவர்கள் சத்தம்போட்டதில் சதுக்கம் தப்பியது. சாலை கொஞ்சம் தள்ளிப் போயிற்று. ஆனாலும் பேட்டை இரண்டாக வெட்டுப்பட்டது. பல குடும்பங்கள் பக்கத்து ஊர்களுக்குப் போய்விட்டன. கடைகள் மட்டும் நின்றன. மக்கள் போன பிறகும் அவர்கள் பேச்சையும் ருசியையும் பிடித்துவைத்திருந்தது இரண்டு மூன்று அடுப்புகள்தான். 2024-ல் ‘அமெரிக்காவின் பீட்சா தலைநகரம்’ என்று நாடாளுமன்றக் குறிப்பில் ஏற்றினார்கள். ஏற்றியவர் அந்தப் பேட்டையிலேயே வளர்ந்த எம்.பி. ரோஸா டெலாரோ.

இனிமேல்தான் சிக்கல். 2006-லிருந்து பெப்பே கிளை திறக்க ஆரம்பித்தது. இப்போது ஃப்ளோரிடாவரை போய்விட்டது. சாலிஸை 2017-ல் குடும்பம் விற்றுவிட்டது. புது முதலாளிகளும் கிளை திறக்கிறார்கள். ஒரு பெரிய சிப்பி பையின் விலை 30 டாலரைத் தாண்டிவிட்டது. தலையில் சுமந்து, தொழிலாளிக்கு விற்ற பண்டம்!

குடும்பத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பாட்டன் அடுப்பில் வெந்தான் என்பதற்காகப் பேரனும் வேகவேண்டும் என்று சாப்பிட வந்தவன் உத்தரவு போட முடியாது. கிளைகளில் பழைய அடுப்பை அளவு பிசகாமல் கட்டுகிறார்கள் என்பதும் பாராட்டவேண்டிய விஷயம். செங்கல்லை நகல் எடுக்கலாம். ஆனால் அந்த ருசி எதிலிருந்து வந்தது? பற்றாக்குறையிலிருந்து. விலைகுறைந்த எரிபொருள், குறைந்த சீஸ், பக்கத்துக் கடல். எதையும் எங்கும் வரவழைக்கக் காசு இருக்கிற இடத்தில், ‘இது போதும், மேலே எதுவும் வேண்டாம்’ என்று நிறுத்துகிற கை வேண்டும். அந்தக் கையைப் பயிற்சிக் கையேட்டில் எழுதி அனுப்ப முடியுமா? கிளைகளின் பரீட்சை அதுதான். வெறும் தக்காளி பையைக் கேட்டுப் பாருங்கள். கேட்காமலே மூட்ஸ் வந்தாலோ, ஓரம் வெளுத்திருந்தாலோ முடிவு தெரிந்துவிடும்.

யாராவது மகனையோ மகளையோ பார்க்க அந்த ஊருக்குப் போகிறீர்கள் என்றால், மெழுகுவத்திக் கடைக்கு அழைத்தால் போகாதீர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு மைல் நடங்கள். வாரநாளில், மதியம் கடை திறக்கிற நேரத்துக்குப் போனால் வரிசை குறைவு. ஒரு தக்காளி, ஒரு சிப்பி. குடிக்க ஃபாக்ஸன் பார்க் சோடா. பக்கத்து ஊரில் 1922-லிருந்து தயாராகிறது. வரும்போது எலிஹு யேல் பற்றியும் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஒன்பது பொதி அனுப்பிப் பெயர் வாங்கியவரை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தலைச்சுமையாக விற்றுப் பெயர் வாங்கியவரின் கடையில் இன்றைக்கும் வரிசை நிற்கிறது.